சலூனின் கதவு

தமிழில் சலூன் என்றால் முடிதிருத்தும் கடை. சுழல் நாற்காலி, எதிரெதிராக இரண்டு கண்ணாடிகள், ஒரு மரப்பெஞ்சு, அதன்மேல் பலர் கைபட்டுக் கசங்கிய தினத்தாள். அமெரிக்காவிலோ அதே சொல் நெடுங்காலம் மதுக்கூடத்தைக் குறித்தது. விருந்தினரை அமர்த்திப் பேசும் பெரிய கூடத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லொன்று ஆங்கிலத்துக்குள் நுழைந்து, கப்பலின் பொதுக்கூடம், ரயில் பெட்டி, முடிதிருத்தகம், மதுக்கூடம் என்று பல இடங்களில் குடியேறியது. அவற்றுள் ஒன்று நமக்கு வந்து சேர்ந்தது. இன்னொன்று அட்லாண்டிக்கைக் கடந்தது.

இரண்டையும் உறவினராகவே கொள்ளலாம். திராவிட இயக்கத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்குச் சலூன்களும் தேநீர்க் கடைகளும் அந்நாளில் படிப்பகங்களாக விளங்கியது தெரிந்திருக்கும். பத்திரிகை வாங்க வசதியில்லாதவரும் வாசிக்கத் தெரியாதவரும் அங்கேதான் அரசியலைக் காதால் கேட்டனர். அதே சலூனின் நாற்காலி பல ஊர்களில் எல்லாச் சாதியாருக்கும் கிடைத்துவிடவில்லை என்பதையும், தேநீர்க் கடைக்குள் இரட்டைக் குவளை இருந்தது என்பதையும் நாம் அறிவோம். பொதுக்கூடம் என்று பெயர் பெற்ற எதுவும் முழுவதும் பொதுவாக இருந்ததில்லை. அமெரிக்கச் சலூனின் வரலாற்றைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு இது ஒரு நல்ல தொடக்கப் புள்ளி.

குடிப்பழக்கம் இல்லாத ஒரு தமிழாசிரியனுக்கு மதுக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். நியூயார்க்கில் சில நாட்கள் தங்க நேர்ந்தபோது பழைய மதுக்கூடங்கள் சிலவற்றைத் தேடிப் போய்ப் பார்த்தேன். சுற்றுலா வழிகாட்டி நூல்கள் அவற்றின் சுவர்களைப் பார்க்கச் சொல்கின்றன. சுவரெங்கும் படங்கள், பழைய நறுக்குகள், புகழ்பெற்ற வாடிக்கையாளர்களின் பெயர்கள். ஆனால் சுவரில் இடம் பெறுபவர்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டவர்கள் மட்டுமே. அனுமதி மறுக்கப்பட்டவர்களின் வரலாறு கதவில் இருக்கிறது. அந்தக் கதவைப் பற்றியதே இக்கட்டுரை.

*

மன்ஹாட்டன் தீவின் தென்முனையில், பேர்ல் தெருவில் இருக்கிறது பிரான்சஸ் டாவர்ன். 1719-இல் டிலான்சி என்ற செல்வக் குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட வீடு அது. 1762-இல் சாமுவேல் பிரான்சஸ் என்பவர் அதை விலைக்கு வாங்கிச் சத்திரமும் மதுக்கூடமுமாக நடத்தத் தொடங்கினார். விடுதலைப் போர் முடிந்து பிரிட்டிஷ் படை நகரை விட்டு வெளியேறிய பிறகு, 1783 டிசம்பர் 4 அன்று, ஜார்ஜ் வாஷிங்டன் தம் படை அதிகாரிகளிடம் விடைபெற்றுக்கொண்டது அதன் மாடியிலுள்ள நீண்ட அறையில்தான். ஒவ்வொருவரையும் தழுவிக் கண்ணீருடன் விடைகொடுத்தார் என்கிறது வரலாறு. இப்போது மேலே அருங்காட்சியகமும் கீழே உணவகமும் இருக்கின்றன. இன்று நாம் காணும் கட்டடம் பெரிதும் 1907-இல் முடிந்த மறுகட்டுமானத்தின் விளைவு. பழைய வீடு எப்படி இருந்தது என்பதில் ஊகத்துக்கும் பங்குண்டு.

அதே ஆண்டில் அதே கூரையின் கீழ் இன்னொன்றும் நடந்தது. போரின்போது, தம் பக்கம் வந்து சேரும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாகப் பிரிட்டிஷார் அறிவித்திருந்தனர். ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் அமெரிக்க எசமானர்களிடமிருந்து தப்பி அவ்வாறு வந்து சேர்ந்தனர். போர் முடிந்து உடன்படிக்கை எழுதப்பட்டபோது, 'கறுப்பரையோ பிற உடைமைகளையோ' பிரிட்டிஷார் தம்முடன் கொண்டுபோகக் கூடாது என்ற விதி அதில் சேர்க்கப்பட்டது. மனிதரை உடைமையோடு சேர்த்து எண்ணிய அந்த விதியின் பேரில் தம் அடிமைகளைத் திருப்பித் தரும்படி எசமானர்கள் கேட்டனர். வாக்குறுதியை நம்பி வந்தவர்களைத் திருப்பித் தர முடியாது என்றார் பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டன். வழக்குகளை விசாரிக்க ஒரு குழு அமைந்தது. 1783 மே முதல் நவம்பர் வரை அக்குழு வாரந்தோறும் கூடிய இடம் இந்த மதுக்கூடம்.

கப்பலேறிய ஏறத்தாழ 3000 கறுப்பின மக்களின் பெயர், வயது, அங்க அடையாளம், முன்னாள் எசமானரின் பெயர் ஆகியவை ஒரு பேரேட்டில் பதிவாயின. அப்பேரேட்டில் ஹாரி வாஷிங்டன் என்றொரு பெயர் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையிலிருந்து தப்பிய அடிமை அவர். 1783 ஜூலையில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறினார். பிறகு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போனார். விடுதலையின் தலைவர் விடைபெற்ற கட்டடத்துக்கு அதே ஆண்டின் நவம்பர் வரை, அந்த விடுதலைக்கு உள்ளே இடமில்லாதவர்கள் சீட்டுக் கேட்டு வந்துபோனார்கள். நீண்ட காலம் முதல் கதை மட்டுமே சொல்லப்பட்டது. இரண்டாவது கதையை அருங்காட்சியகம் தன் காட்சிக்குள் கொண்டுவந்தது அண்மை ஆண்டுகளில்தான்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் மக்கள் பெருந்திரளாக வந்து இறங்கினர். சத்திரத்தின் இடத்தைச் சலூன் பிடித்தது அப்போதுதான். ஐந்து செண்டுக்கு ஒரு கோப்பை பீர். அதோடு இலவச மதிய உணவு. உணவில் உப்புத் தூக்கலாக இருந்ததன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பல சலூன்களுக்கு முதல் போட்டவை பீர் ஆலைகளே. கைம்மாறாக அங்கே அந்த ஆலையின் பீர் மட்டுமே விற்றது.

சலூனைக் குடிக்கும் இடமாக மட்டும் பார்த்தால் அதன் வலிமை நமக்குப் புரியாது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த தொழிலாளிக்கு அது கணப்புள்ள கூடம். ஊரிலிருந்து வரும் கடிதத்துக்கு அது முகவரி. கூலிக் காசோலையை மாற்றித் தந்ததும், வேலை எங்கே கிடைக்கும் என்று சொன்னதும், தொழிற்சங்கம் கூட இடம் கொடுத்ததும் அதுவே. நகர அரசியலை ஆட்டிவைத்த டாமனி ஹால் அமைப்பின் வட்டாரத் தலைவர்கள் பலருக்குச் சலூனே அலுவலகம். 'ஏழையின் மனமகிழ் மன்றம்' என்று அக்காலத்தவர் அதை அழைத்தது பொருத்தமே.

அந்த ஏழை ஆணாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும் நிபந்தனை. பல சலூன்களில் பெண்களுக்கெனப் பக்கவாட்டில் தனிக் கதவு இருந்தது. அதன் வழியே பின்னறைக்குப் போகலாம். முன்கூடத்தின் நீண்ட மேடையருகே நிற்கக் கூடாது. வீட்டுக்கு வேண்டிய பீரைத் தகரத் தூக்கில் வாங்கிவரப் பல வீடுகளில் குழந்தைகளே அனுப்பப்பட்டனர்.

சட்டம் சலூனைக் கட்டுப்படுத்த முயன்றபோதெல்லாம் சலூன் ஒரு புதிய கதவைத் திறந்துகொண்டது. நியூயார்க் மாநிலத்தில் 1896-இல் வந்த ரெயின்ஸ் சட்டம் அதற்குச் சுவையான சான்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மதுவிற்பனைக்குத் தடை. ஆனால் தங்கும் விடுதிகள் உணவோடு சேர்த்து மது பரிமாறலாம். விடுதி என்றால் பத்து படுக்கையறைகளாவது இருக்க வேண்டும். உடனே சலூன்காரர்கள் பின்கட்டையும் மாடியையும் பலகையால் தடுத்துப் பத்து அறைகளை உண்டாக்கினர். உணவுக்கு ஒரு சாண்ட்விச்சை மேசையில் வைத்தனர். யாரும் தின்னாத அந்த ஒரே சாண்ட்விச் மேசைக்கு மேசை நாள்முழுதும் பயணம் செய்தது. குடியை ஒடுக்க வந்த சட்டத்தால் மதுக்கூடத்தின் மாடியில் வாடகை அறைகளும், அவற்றோடு விபசாரமும் பெருகின. யூஜின் ஓநீலின் 'த ஐஸ்மேன் கமெத்' நாடகம் 1912-இல் இத்தகைய விடுதி ஒன்றில்தான் நடக்கிறது. நாளை எழுந்து வெளியே போய்விடுவோம் என்று சொல்லிக்கொண்டே கதவைத் தாண்ட முடியாதவர்களின் கதை அது.

*

கதவுக்கு வெளியே நின்றவர்களின் கோபத்தையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். வாரக்கூலி சலூன் மேடையில் கரைந்தபோது அடுப்பு அணைந்தது வீட்டில். குடிகாரக் கணவனிடமிருந்து மனைவிக்குச் சட்டம் தந்த காப்பு மிகக் குறைவு. அவளுக்கு வாக்குரிமையும் இல்லை. 1874-இல் தோன்றிய கிறித்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் நாடெங்கும் பரவியதன் காரணம் இதுவே. முதல் கணவனைக் குடிக்குப் பறிகொடுத்த கேரி நேஷன் என்ற பெண்மணி 1900 முதல் கான்சாஸ் மாநிலத்தில் சலூன்களுக்குள் புகுந்து முதலில் கற்களாலும் பிறகு கோடரியாலும் கண்ணாடிகளையும் புட்டிகளையும் உடைத்தார். அவரைக் கேலிச்சித்திரமாக்கிச் சிரிப்பது எளிது. தமக்குத் திறக்காத ஓர் இடம் தம் வாழ்வை அழிப்பதைக் கண்டவர் அவர் என்பதையும் நினைவில் கொண்டால் அந்தச் சிரிப்பு அடங்கும்.

1893-இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்த இயக்கம் ஒன்று 'சலூன் எதிர்ப்புக் கழகம்' என்றே பெயர் வைத்துக்கொண்டது. மதுவைவிடச் சலூன் என்ற நிறுவனமே அதன் முதல் இலக்கு. அந்த எதிர்ப்பில் வீட்டுப் பெண்களின் துயரத்தோடு, ஐரிஷ், ஜெர்மன் குடியேறிகள் மீதான வெறுப்பும் கலந்திருந்தது. 1920 ஜனவரி 17 அன்று நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1933 டிசம்பர் 5 அன்று முடிந்தது. மது திரும்பி வந்தபோது சலூன் என்ற சொல்லுக்குத் திரும்பிவரத் துணிவில்லை. சில மாநிலங்களில் கடைப்பலகையில் அச்சொல்லை எழுதவே தடை இருந்தது.

இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் கள்ள மதுக்கூடங்கள் பெருகின. கதவு பூட்டியிருக்கும், சிறு துளை வழியே கண்ணொன்று பார்க்கும், அறிமுகம் இருந்தால் திறக்கும். கிரீனிச் வில்லேஜ் பகுதியில் பெட்ஃபோர்டு தெரு 86-ஆம் எண்ணில் 1922-இல் தொடங்கிய சம்லீஸ், மதுவிலக்கு முடிந்த பின்னும் வாசலில் பெயர்ப்பலகை வைக்கவில்லை. எழுத்தாளர்கள் கூடிய இடம் அது. சுவரெங்கும் நூல்களின் மேலட்டைகள். '21 கிளப்' என்ற இன்னொரு கூடத்தின் நிலவறைக் கதவு இரண்டரை டன் எடையுள்ளது. செங்கல் சுவரைப் போலவே தோன்றும். குறிப்பிட்ட ஒரு விரிசலுக்குள் மெல்லிய கம்பியை நுழைத்தால்தான் திறக்கும்.

இங்கே வரலாறு ஒரு வேடிக்கை செய்தது. சட்டப்படி திறந்திருந்த சலூன் பெண்களை ஒதுக்கியது. சட்டத்துக்கு ஒளிந்து நடந்த கள்ள மதுக்கூடம் அவர்களை உள்ளே விட்டது. ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் அமர்ந்து குடிப்பது நகர வழக்கமானது அக்காலத்தில்தான். ஆனால் ஒரு கதவு திறந்ததால் எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. ஹார்லம் பகுதியின் காட்டன் கிளப்பில் டியூக் எலிங்டன் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் மேடையில் வாசித்தனர். மேசைகளில் அமர்ந்தவர்கள் வெள்ளையர். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதியின் நடுவில், அவர்களின் இசையால் நடந்த கூடத்தின் நிலை அது.

*

இனி மெக்சோர்லிஸ். கிழக்கு ஏழாம் தெரு, எண் 15. தரையில் மரத்தூள், நடுவே கணப்பு, வெளிர் ஏல், கருநிற ஏல் என்று இரண்டே வகை பீர். ஒன்று கேட்டால் இரண்டு சிறு கோப்பைகளாக வைக்கிறார்கள். 1854-இல் தொடங்கியது என்கிறது பெயர்ப்பலகை. அந்த மனை 1861 வரையிலும் வெற்றிடமாக இருந்ததாக வரி ஆவணங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். எப்படியாயினும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை அதற்கு உண்டு. நிறுவியவர் ஜான் மெக்சோர்லி என்ற ஐரிஷ்காரர். நல்ல ஏல், பச்சை வெங்காயம், பெண்கள் இல்லை என்ற மூன்றும் அக்கடையின் கொள்கை முழக்கம். ஓவியர் ஜான் ஸ்லோன் 1912-இல் அதை வரைந்தார். 1940-இல் ஜோசப் மிட்செல் 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய கட்டுரை அதை இலக்கிய வாசகர்களிடையே நிலைநிறுத்தியது.

மேடைக்கு மேலே தொங்கும் பழைய விளக்கில் வான்கோழியின் கவட்டை எலும்புகள் வரிசையாக மாட்டப்பட்டுள்ளன. இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து முறித்து, பெரிய துண்டு கிடைத்தவரின் வேண்டுதல் பலிக்கும் என்று நம்புகிற எலும்பு அது. முதல் உலகப் போருக்குப் புறப்பட்ட இளைஞர்கள் திரும்பி வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி மாட்டிவிட்டுப் போனவை என்றும், எஞ்சியிருப்பவை திரும்பாதவர்களுடையவை என்றும் சொல்லப்படுகிறது. பல பதிற்றாண்டுகளின் தூசி அவற்றின்மேல் அடர்ந்திருந்தது. 2011-இல் நகரச் சுகாதாரத் துறையின் வற்புறுத்தலால் உரிமையாளரே அவற்றைத் துடைக்க நேர்ந்தது.

1936-இல் மெக்சோர்லியின் மகன் கடையை டேனியல் ஓகானல் என்ற ஓய்வுபெற்ற காவலருக்கு விற்றார். ஓகானல் 1939-இல் இறந்தபோது கடை அவருடைய மகள் டாரதி கிர்வனுக்கு வந்தது. பெண்களை அனுமதிக்காத மதுக்கூடத்துக்கு ஒரு பெண் உரிமையாளர்! பழைய வழக்கத்தை மாற்றுவதில்லை என்று அவர் தந்தைக்கு வாக்களித்திருந்தார். நிர்வாகத்தைக் கணவரிடம் விட்டார். தமக்குச் சொந்தமான கடைக்குள் ஞாயிற்றுக்கிழமை மூடிய பிறகே காலடி வைத்தார்.

1969 ஜனவரியில் ஃபெயித் சைடன்பர்க், கேரன் டிக்ரோ என்ற இரு பெண்ணுரிமையாளர்கள் அங்கே போய் மது கேட்டனர், மறுக்கப்பட்டனர், வழக்குத் தொடுத்தனர். இது தனியார் கடை, யாருக்கு விற்பது என்பது எங்கள் விருப்பம் என்றது கடை. மதுவிற்க உரிமம் தருவதும் அதை ஆண்டுதோறும் கண்காணிப்பதும் அரசு என்பதால், அரசின் கை படிந்த இடத்தில் பால் வேறுபாடு காட்டுவது சமவுரிமைக்கு எதிரானது என்று 1970 ஜூனில் நீதிபதி தீர்ப்பளித்தார். ஆகஸ்ட் 10 அன்று நகர மேயர் ஜான் லிண்ட்ஸே பொது இடங்களில் இத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்று உள்ளே போன லூசி கோமிசார் என்ற பெண்ணுரிமைத் தலைவரின் தலைமேல் ஒருவர் ஏலை ஊற்றினார். பெண்களுக்கெனத் தனிக் கழிப்பறை வர 1986 ஆயிற்று.

கதவு திறந்தபோது முதற்கோப்பை அருந்தும் பெண்ணாக இருக்கும்படி டாரதி கிர்வனிடம் கேட்டிருக்கிறார்கள். தந்தைக்குக் கொடுத்த வாக்கைச் சொல்லி மறுத்துவிட்டார். முதலில் பரிமாறப்பட்டவர் அதே தெருவில் தோல் செருப்புக் கடை வைத்திருந்த பார்பரா ஷாம். இந்த மறுப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்று நெடுநேரம் யோசித்திருக்கிறேன். மரபுக்குக் கட்டுப்பட்ட பேதைமை என்று தள்ளிவிட மனம் வரவில்லை. மரபின் சுமையை ஏற்று நடத்துபவரும் அதனால் ஒதுக்கப்படுபவரும் ஒரே ஆளாக இருப்பது நம் குடும்பங்களில் நாம் காணாததா?

*

உள்ளே விடமாட்டோம் என்பது பால் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. மேற்குப் பத்தாம் தெருவிலுள்ள ஜூலியஸ் என்ற மதுக்கூடத்துக்கு 1966 ஏப்ரல் 21 அன்று மட்டாஷின் சங்கத்தைச் சேர்ந்த சில ஆண்கள் சென்றனர். தாங்கள் தன்பாலீர்ப்பினர் என்று அறிவித்து மது கேட்டனர். அவர்களுக்குப் பரிமாறினால் 'ஒழுங்கற்ற இடம்' என்று சொல்லி உரிமம் பறிக்கப்படலாம் என்பது அன்றைய நிலை. பரிமாறுபவர் கோப்பையின் வாயைக் கையால் மூடினார். அந்தக் கணம் ஒளிப்படமாகப் பதிவாகியிருக்கிறது. மூடிய கதவின் மிகச் சிறிய வடிவம் கோப்பையை மூடிய அந்த உள்ளங்கை. சில நிமிட நடையில் இருக்கும் ஸ்டோன்வால் விடுதியில் 1969 ஜூன் 28 விடியலுக்கு முன் காவலர் சோதனையிட்டபோது வெடித்த எதிர்ப்பு உலகறிந்தது. குற்றக் கும்பல் நடத்திய, உரிமமற்ற கூடம் அது. ஆனால் அன்று அம்மக்களுக்குக் கிடைத்த கூடம் அதுவே. 2016-இல் அது தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.

1970-இல் மெக்சோர்லிஸ் தரப்பில் நின்றவர்களின் வாதத்தில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. அந்த இடத்தின் 'தன்மை' கெட்டுவிடும் என்றார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின் நாம் போய்ப் பார்க்கலாம். மரத்தூள் இருக்கிறது, கணப்பு இருக்கிறது, எலும்புகள் தொங்குகின்றன, அவற்றின் கீழே பெண்களும் ஆண்களும் இரைச்சலாகப் பேசிக் குடிக்கிறார்கள். கெட்டுப்போனது எது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. ஓரிடத்தின் தன்மைக்கு அங்கே விலக்கப்பட்டவர்களைக் காரணமாகச் சொல்வது எவ்வளவு பழகிய, எவ்வளவு பொய்யான வாதம்!

பழைய மதுக்கூடங்கள் உண்மையில் அழிவது வேறு வழிகளில். சம்லீஸின் சுவர் 2007-இல் இடிந்து ஒன்பது ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2016-இல் திறந்து, கொள்ளைநோய் வந்த 2020-இல் மீண்டும் மூடியது. அதே ஆண்டில் '21 கிளப்' மூடப்பட்டது. ஜூலியஸ் கட்டடம் 2022 டிசம்பரில் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. அத்தகைய அறிவிப்பு செங்கல்லையும் முகப்பையும் காக்கும். உள்ளே நடக்கும் வணிகத்தைக் காக்காது. மேசையில் யார் உட்காருவார்கள், எதைப் பற்றிப் பேசுவார்கள் என்பதை எந்தச் சட்டமும் பாதுகாக்க இயலாது.

ஆகவே இவ்விடங்களுக்குப் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரில் உள்ள படங்களைப் பாருங்கள், அவையும் வரலாறே. ஆனால் உள்ளே நுழையும்முன் வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கதவில் பார்க்கும் துளை இருக்கிறதா, பக்கவாட்டில் அடைத்துப் பூசிய இன்னொரு வாசலின் தடம் தெரிகிறதா என்று கவனியுங்கள். அந்த வழியாக வந்தவர்கள் யார், வர முடியாமல் திரும்பியவர்கள் யார் என்று உள்ளே இருக்கும் முதியவர் எவரையேனும் கேளுங்கள். பெரும்பாலும் அங்கிருந்துதான் நல்ல கதை தொடங்கும்.